அந்நியோந்நியாசிரயம்

ஒன்று இருந்தால்தான் மற்றொன்று இருக்கும், மற்றொன்று இருந்தால்தான் முன்னது இருக்கும் என்று இரு பொருள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்குமாயின், அவற்றுள் எதுவுமே உண்டாக வழியில்லை என்பது தார்க்கிகர் தீர்ப்பு. அந்நியோந்நியாசிரயம் என்னும் இந்தத் தோஷத்தைப் பிரதிவாதியின் கட்சியில் காட்டிவிட்டால் வாதம் முடிந்ததென்றே நம் சாஸ்திரகாரர் கருதினர். ஆயினும் குருவும் சிஷ்யனும், அரசும் குடிகளும், கணவனும் மனைவியுமாக, நாம் வாழும் உலகம் இத்தகைய பற்றுக்களாலேயே பின்னப்பட்டிருக்கிறது. தர்க்கம் தோஷமென்று தள்ளியதைச் சிருஷ்டி தன் இயல்பாகக் கொண்டது எவ்வாறு?

இந்தக் கேள்வியை வேறொரு கோலத்தில் நித்தம் சந்திப்பவர்கள், துபாயிலும் அபுதாபியிலும் கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் நம்மவர்கள். அங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் விவரங்கள் கணினியின் நினைவில் இருப்பதாகக் கொள்வோம். மனைவியின் விசாவுக்குக் கணவனே ஸ்பான்சர் ஆதலால் அவளுடைய பதிவு அவனுடையதைச் சுட்டுகிறது. அவனுடைய பதிவோ, தன்னைச் சார்ந்தவள் என்று அவளைத் திரும்பச் சுட்டுகிறது. நிரல் நின்றால் நினைவு அழிந்துபோகுமாகையால், இவற்றைக் கோப்பில் எழுதிவைத்துப் பின்னர் பழையபடி எழுப்பவேண்டும். ஆனால் கணவனை எழுதப் புகுந்தால் அவனுள் மனைவி, அவளுள் கணவன், மீண்டும் அவனுள் மனைவி என்று எழுத்து முடிவின்றி ஓடும். ஜேசான் என்னும் வடிவம் கிளைகளை அறியுமேயன்றி வளையத்தை அறியாது. அதில் எழுத முயன்றால் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி பிழையென்று அறிவித்து நின்றுவிடும்.

ஜாவா என்னும் நிரல்மொழியும், பைத்தான் மொழியின் பிக்கிள் என்னும் கருவியும் வேறோர் உபாயத்தைக் கைக்கொள்கின்றன. ஒரு பொருளை முதன்முதல் காணும்போதே அதற்கோர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பொருள் மறுபடி எதிர்ப்பட்டால் விவரங்களை விடுத்து எண்ணை மட்டும் எழுதுகின்றன. எழுப்புங்காலத்தில், உள்ளடக்கம் நிரம்பாத வெற்றுப் பொருளை முன்னதாக உண்டாக்கி அந்த எண்ணுக்கு எதிரே நிறுத்தி, அதன் பின்னரே அதனை நிரப்புகின்றன. இருப்பு முந்தியது, நிறைவு பிந்தியது என்பதே இதன் ரகசியம்.

அமீரகத்துச் சட்டமும் அறிந்தோ அறியாமலோ இந்த ரகசியத்தையே பின்பற்றுகிறது. வேலைக்கு வருபவர் வதிவிட அனுமதி பெற அந்நாட்டிலேயே மருத்துவப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அந்நாட்டில் இருப்பதற்கோ அனுமதி வேண்டும். நுழைவு அனுமதி என்னும் நிறைவுபெறாத ஓர் இருப்பை முதலில் வழங்கி இந்த வளையத்தை அவிழ்க்கிறார்கள். பின்னர் 784 என்று தொடங்கும் 15 இலக்க அடையாள எண் அமைகிறது; அட்டையைப் புதுப்பித்தாலும், வேலையை மாற்றினாலும் அந்த எண் மாறுவதில்லை.

வளையத்தைப் பற்றிய இந்த வினா வேதாந்தத்துக்கும் புதிதன்று. பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்து முதற் பாதத்தில், சரீரமின்றிக் கர்மமில்லை, கர்மமின்றிச் சரீரமில்லை என்னும் ஆக்ஷேபத்துக்குச் சங்கரர், விதையும் முளையும் போல சம்சாரம் அநாதி என்று சமாதானம் சொன்னார். கூர்ந்து நோக்கினால், மரம் ஈனும் விதை தன்னை ஈன்ற விதையன்று. ஆகவே ஆசாரியர் வளையத்தைக் காலத்தில் நீட்டித் தொடராக்கினாரே தவிர, ஒரே வேளையில் ஒன்றையொன்று பற்றும் இருவரின் சிக்கலைத் தொடவில்லை. அதைத் தொட்டவர், 1328-இல் டமாஸ்கஸில் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இப்னு தைமிய்யா. ஒவ்வொன்றும் மற்றதற்கு முந்திய காரணமாக நிற்பது அசம்பவம், இரண்டும் ஒருங்கே தோன்றி ஒன்றையொன்று சார்ந்து நிற்பது சாத்தியம் என்று அவர் வளையத்தை இருவகையாகப் பிரித்தார். தந்தைமையும் மகன்மையும் ஒன்றுக்கொன்று முந்தாமல் ஒரே கணத்தில் பிறப்பவை. அவ்வாறு ஒருங்கே தோன்றுபவற்றுக்குப் புறத்தே மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம். பதிவுகளுக்குக் கோப்பை வாசிக்கும் நிரலும், ஆஸ்திகருக்கு ஈசுவரனும் அந்த ஸ்தானத்தில் நிற்பவர்கள்.

பிரளயத்துக்குப் பின்னும் நாமரூபங்கள் முன்போலவே மீளும் என்று அதே பாஷ்யம் முதல் அத்தியாயத்தில் சொல்வதையும் இதனோடு சேர்த்தெண்ணலாம். அழிவைத் தாண்டி வருவது பொருளின் திண்மையன்று. இன்னது இன்னதைச் சார்ந்தது என்னும் சம்பந்தமே.

ஆயினும் வெற்றுப் பொருளை முன்னிறுத்திப் பின்னர் நிரப்பும் உபாயம் எல்லாவிடத்தும் பலிப்பதில்லை. பிறக்கும்போதே பூரணமாயிருக்கவேண்டும், பிறந்தபின் மாறலாகாது என்று விதிக்கப்பட்ட பொருள்கள் மாத்திரமே கூடி வளையமாயின், அவற்றை இந்த உபாயத்தால் எழுப்ப இயலாது. வளையத்தில் ஒன்றேனும் குறையோடு நின்று பின்னர் நிரம்ப இசைந்தால், ஏனையவை அனைத்தும் எழுந்துவிடும். ஆதலால் தோஷம் பற்றுதலினின்று வருவதன்று, நீ நிறைந்த பின்னரே நான் பிறப்பேன் என்னும் நிபந்தனையினின்று வருவது. ஜீவனுடைய அபூர்ணத்தை நீக்கவேண்டிய குறையென்றே நெடுங்காலம் போதித்துவந்த சமயவாதிகள், நிறைவின்றிப் பிறக்க இசைந்தவற்றுக்கிடையேதான் சம்பந்தமென்பது சாத்தியம் என்பதையும் தம் சித்தாந்தத்தில் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.