மாலையைக் கழற்றிய பிறகும் நீ அதே ஆள்தான்!

ராசிங்காபுரத்துத் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். குடியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தலை நிமிர்ந்து நடந்தாய். போன வாரம் மறுபடி கடை வாசலில் நின்றாய். வீட்டில் யாரும் உன் முகம் பார்த்துப் பேசவில்லை. "தெரிஞ்ச கதைதானே" என்று தெருவில் சிரிக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, நீயே உனக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டாய்: "நானெல்லாம் தேற மாட்டேன்." அந்தத் தீர்ப்பு தப்பு. கிழித்துப் போடு!

உனக்கு மன உறுதி இல்லை என்று எவன் சொன்னான்? கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டாயே, ஒரு மண்டலம் விரதம் இருந்தாயே, அது யார்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனாய். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, முதுகு ஒடியக் காய் எடுத்துவிட்டு இறங்கினாய். கையில் கூலி இருந்தது. கூட வந்தவர்கள் கடைப் பக்கம் திரும்பினார்கள். நீ குளிக்கப் போனாய்! உடம்பு வலியும் இருந்தது, காசும் இருந்தது, கடையும் திறந்துதான் இருந்தது. இருந்தும் நீ தொடவில்லை. தவக்காலத்தில் குடியை விட்டிருந்த கிறிஸ்தவத் தம்பிக்கும், ரமலான் மாதம் முழுக்கத் தள்ளி நின்ற தம்பிக்கும் இதையேதான் சொல்கிறேன். உன்னால் முடியும் என்பதை நான் சொல்லி நீ நம்ப வேண்டியதில்லை. நீயே செய்து காட்டியிருக்கிறாய்.

அந்த நாட்களில் உன்னைத் தாங்கியது எது?

சாமியின் அருள் என்பாய். நான் மறுக்கவில்லை. அந்த அருள் எத்தனை பேர் கைவழியாக வந்தது என்று எண்ணிப் பார். மாலை விழுந்த நிமிடத்திலிருந்து ஊரே உன்னை "சாமி" என்றது. நேற்றுவரை "வா மாப்ள, ஒரு கட்டிங்" என்று இழுத்தவன் ஒதுங்கி வழிவிட்டான். வீட்டில் தனியாகச் சமைத்துப் போட்டார்கள். சாயங்காலம் பஜனைக்குப் போக இடம் இருந்தது. குருசாமி என்று ஒருவர் இருந்தார். நீ வராவிட்டால் "எங்கே ஆளைக் காணோம்" என்று கேட்டார். விடியற்காலைக் குளியல், குறித்த நேரத்துக்குப் பூசை, படுக்கத் தரை. உன் நாள் முழுக்க உன்னைச் சுற்றி ஒரு வேலி நின்றது.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினாய். அன்றைக்கே அந்த வேலி முழுக்க விழுந்தது. "சாமி" மறுபடி "மாப்ள" ஆனார். பஜனை நின்றது. குருசாமி அவர் வேலையைப் பார்க்கப் போனார். ஆனால் விரதம் இருந்த நெஞ்சு உனக்குள் அப்படியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. நீ தோற்கவில்லை தம்பி, தனியாக விடப்பட்டாய்! ஆகவே இன்று உன் வேலை உன்னைத் திட்டிக்கொள்வது அல்ல. அந்த வேலியை மறுபடி கட்டுவது. இந்த முறை ஒரு மண்டலத்துக்கு அல்ல, வாழ்நாளுக்கு.

மறுபடி குடித்த மருத்துவர்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு நகரம். அங்கே பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், குடியில் மூழ்கிப்போனவர். 1935 மே மாதம் பில் வில்சன் என்பவரைச் சந்தித்தார். பில்லும் குடிநோயாளிதான், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். பாப் குடியை விட்டார். சில வாரம் கழித்து மருத்துவர் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டிக்குப் போனவர், அங்கே மட்டுமீறிக் குடித்துவிட்டார். படித்தவர், உடம்புக்குள் மது என்ன செய்யும் என்பதை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர். அவரே விழுந்தார்.

திரும்பி வந்தவரைப் பில் கைவிடவில்லை. கூடவே இருந்து தேற்றி எழுப்பினார். அதன்பின் பாப் 1950இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளுக்குக் கை கொடுத்தார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான், உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊர்களில் ஏ.ஏ. என்று சொல்லும் அமைப்பு, தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. யோசித்துப் பார்! அந்த இயக்கத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. நீ ஏன் ஒளிகிறாய்?

இது நோய், வெட்கம் அல்ல

சர்க்கரை ஏறிவிட்டால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு "நான் உருப்படாதவன்" என்று யாராவது உட்காருகிறார்களா? மருத்துவரிடம் ஓடுகிறார்கள். போதை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் மறுபடி சறுக்குகிறார்கள் என்கிறது அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம். ரத்தக் கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் ஏறக்குறைய இதே அளவுக்கு நோய் திரும்புகிறது.

அப்படியானால் ஆளை அழிப்பது எது? சறுக்கலுக்குப் பின் வரும் நினைப்புதான். உளவியலாளர் ஆலன் மார்லட் இதை ஆராய்ந்து 1985இலேயே எழுதினார். ஒரு குவார்ட்டர் உள்ளே போனதும் மனம் சொல்கிறது: "விரதம் போச்சு, மானம் போச்சு, இனி எதற்கு அடக்கம்?" ஒரு நாள் சறுக்கலை ஒரு வருடக் குடியாக மாற்றுவது இந்த ஒரு வாக்கியம்தான். அதன் கழுத்தைப் பிடி! போனது ஒரு நாள். நீ குடிக்காமல் இருந்த மாதங்களை எந்தக் கடையும் திருப்பி வாங்க முடியாது. ஏலத்தோட்டத்தில் கவாத்து எடுக்கிற உனக்குத் தெரியாதா? காய்ந்த தட்டையை அறுத்து எறிகிறோம், தூரைப் பிடுங்குவதில்லை. அடியிலிருந்து புதுச் சிம்பு வருகிறது.

வேலியைக் கட்டு, இன்றைக்கே

முதலில் ஓர் ஆளிடம் சொல். "அண்ணே, நான் மறுபடி குடிச்சுட்டேன். என்னைப் பார்த்துக்கங்க." இந்த இரண்டு வரி போதும். அண்ணனோ, மாமாவோ, பழைய குருசாமியோ, குடியை விட்டுப் பல வருடம் ஆன பக்கத்துத் தெருக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. தினமும் சாயங்காலம் அவர் உன்னைக் கேட்க வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டும். ஒளித்துவைத்தால் குடி வளரும். வெளியே சொன்னால் அதன் பலம் பாதி போகும்.

அடுத்து மருத்துவர். தினமும் நிறையக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் ஜன்னி கண்டதுபோல் பிதற்றல்கூட வரலாம், உயிருக்கே ஆபத்து. வீராப்பு வேண்டாம். போடி அரசு மருத்துவமனைக்குப் போ. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவைக் கேள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. பேச மட்டும் ஆள் வேண்டுமா? 14416, டெலிமானஸ், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. 2019இல் வந்த தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்றது. அந்த ஒருவன் நீயாக இரு!

பிறகு, கூலி கைக்கு வரும் நேரம். ஜீப் ஊருக்குள் வருவதற்கும் நீ வீட்டு வாசல் மிதிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் போர்க்களம். காசை ஜீப்பிலிருந்து இறங்கும் இடத்திலேயே வீட்டாரிடம் கொடு. வெறும் வயிற்றோடு வராதே. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் ஆசை தலை தூக்கும். தூக்கட்டும். அது பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரம் சாப்பிடு, குளி, பிள்ளையோடு உட்கார், அண்ணனுக்குப் போன் போடு.

கடையை மூடட்டும், பிறகு விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. மூடச் சொல்லிப் போராடும் பெண்களோடு போய் நில், அது நியாயம். ஆனால் உன் விடுதலையை அரசாணை வரும்வரை தள்ளிப்போடாதே.

வீட்டாரே, ஊராரே!

அவன் விழுந்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள். "எத்தனை மாசம் நல்லா இருந்தே, அதே மாதிரி இரு" என்று சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். அவன் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லித்தான் அதைத் தர வேண்டும்.

குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தோடு முடங்கிவிடவில்லை. 1980இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காகச் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்தது அதுதான். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். சிகிச்சையை மஞ்சக்குடி கிராமத்துக்கே கொண்டுபோய் முகாம் நடத்தினார். குடும்பத்தையும் ஊராரையும் அதில் சேர்த்தார். அந்த அனுபவம் 1994இல் சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. மஞ்சக்குடியில் முடிந்தது ராசிங்காபுரத்தில் முடியாதா? மாலை போட்டவனைச் சுற்றி ஓர் இரவில் வேலி கட்டத் தெரிந்த ஊர் இது. மாலை இல்லாமலும் அவனுக்கு வழிவிடுங்கள். அவனை மறுபடி மரியாதையாகக் கூப்பிடுங்கள்.

தம்பி, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதே. அமாவாசைக்கும் அடுத்த கார்த்திகைக்கும் காத்திருக்காதே. சறுக்கியவன் எழுவதற்கு முகூர்த்தம் கிடையாது. நீ எத்தனை முறை விழுந்தாய் என்று உன் மகள் எண்ணவில்லை. இன்று ராத்திரி அப்பா எப்படி வருவார் என்பது மட்டும்தான் அவள் கேள்வி. பதில் உன் கையில் இருக்கிறது. போனை எடு. அந்த அண்ணனைக் கூப்பிடு. நடந்ததைச் சொல். இப்போதே சொல்!