கழற்றப்போகும் நட்சத்திரத்தை ஏன் கட்டவேண்டும்?



ஆகமன காலம் பிறந்துவிட்டது. இன்னும் சில தினங்களில் நம் வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்கும். கூடத்து மூலையில் சேசு பாலனுடைய குடில் எழும்பும். சன்னல்களில் தோரணம் ஆடும். கடைத்தெருவில் இவையெல்லாம் ஆயத்தமாய் இருக்கின்றன. மடித்து வைத்த நட்சத்திரத்தை விரித்துப் பல்பை மாட்டினால் வேலை தீர்ந்தது. பிளாஸ்டிக் தோரணம், மின்விளக்குச் சரம், அச்சில் வார்த்த குடில், எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் வாங்கி முடித்துவிடலாம். அப்படியிருக்க, மூங்கிலைப் பிளந்து, பசை காய்ச்சி, துண்டுத்துணி சேர்த்து, ஊசியில் நூல் கோத்து, இராத்திரியில் கண்விழித்து நாமே செய்வானேன்? மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்தவுடன் எல்லாவற்றையும் கழற்றத்தானே போகிறோம்?

இதைச் சோம்பேறிகளின் கேள்வி என்று தள்ளிவிடலாகாது. பகலெல்லாம் வயலிலோ ஆபீசிலோ பாடுபட்டு, வீடு திரும்பியதும் உலை வைக்கும் தாய் இதைக் கேட்கிறாள். அவளுடைய நேரத்துக்கு விலை உண்டு. நாலு நாள் அலங்காரத்திற்காக அவளிடம் நாலு இராத்திரிகளைக் கேட்க வேண்டுமானால், அதற்குத் தக்க நியாயம் சொல்லவேண்டும்.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய வேதசாஸ்திரத் தொகுப்பில் ஒரு பேதத்தை எடுத்துக் காட்டுகிறார். ஒரு பொருளை உண்டாக்குவது ஒன்று. ஒரு செயலைச் செய்வது மற்றொன்று. பொருளை நன்றாக உண்டாக்கும் அறிவுக்குக் கலை என்று பெயர். தச்சனைத் தச்சன் என்ற முறையில் மதிப்பிடும்போது, அவன் என்ன மனதோடு வேலை செய்தான் என்று நாம் கேட்பதில்லை. அவன் செய்த நாற்காலி ஆடாமல் நிற்கிறதா என்றே பார்க்கிறோம். புண்ணியத்தின் காரியம் வேறு. அது செய்கிறவனையே நல்லவனாக்குகிறது. கலையின் பலன் பொருளில் தங்குகிறது, புண்ணியத்தின் பலன் ஆளில் தங்குகிறது.

இந்த அளவுகோலை நம் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். கடை நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சரியாயிருக்கும். எட்டு வயதுப் பையன் கட்டிய நட்சத்திரமோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பொருளை மாத்திரம் பார்த்தால் பரிசு கடைக்கே. ஆனால் வீட்டில் கட்டும்போது இரண்டு காரியங்கள் உருவாகின்றன. ஒன்று வாசலில் தொங்குகிறது. மற்றது அந்தப் பையனுக்குள் இருக்கிறது. ஜனவரியில் நாம் கழற்றி வைப்பது முதலாவதை மாத்திரமே.

இது வெறும் வாதம் அல்ல. ஜெர்மனி தேசத்தில் மிகவும் பிரசித்தமான ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் உண்டு. பல முனைகள் எல்லாத் திசையிலும் நீண்டு நிற்கும் காகித நட்சத்திரம் அது. 1830-களில் நீஸ்கி என்னும் ஊரில் மொராவிய சபையார் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில்தான் அது பிறந்தது. விற்பனைக்காக அதைச் செய்யவில்லை. பிள்ளைகளுக்குக் க்ஷேத்திர கணிதம் புரியவேண்டும் என்பதற்காக அவர்களைக் கொண்டே செய்வித்தார்கள். கணிதம் கற்றுத் தேறிய பிள்ளையே முதற் பலன். வெளிச்சம் தந்த நட்சத்திரம் இரண்டாம் பலன். பின்னரே ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அது ஒரு தொழிலாக வளர்ந்தது. இன்றும் அங்கே அதைக் கையால் செய்கிறார்கள்.

நம் ஊர் மூங்கில் நட்சத்திரமும் ஒரு நல்ல உபாத்தியாயரே. ஒரே நீளமுள்ள ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாய் வைத்துக் கட்டினால் ஒரு முகம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டி, உள்ளே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளைக் கொடுத்து நிமிர்த்தினால் நட்சத்திரம் வயிறு தள்ளி நிற்கும். ஒரு குச்சி அரை அங்குலம் கூடிவிட்டாலும் முழு உருவமும் கோணிவிடும். இதைப் பையனுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, மூங்கிலே சொல்லிக்கொடுக்கும். தகப்பன் ஒரு முனையைப் பிடிக்க, மகன் மறுமுனையைக் கட்ட, இருவருக்கும் இடையில் வேறொரு நாளும் நடவாத பேச்சு நடக்கும். பள்ளிக்கூடத்தில் நேர்ந்த அவமானத்தை எத்தனையோ பிள்ளைகள் இப்படிக் கை வேலையாயிருக்கும்போதுதான் மெல்ல வெளியிடுகிறார்கள்.

தையலும் அவ்வாறே. தையற்கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைச் சேர்த்து, முக்கோணமாய் வெட்டி, ஓரம் மடித்து ஓட்டுத் தையல் போட்டு, கயிற்றில் கோத்தால் சன்னலுக்குத் தோரணம். பழைய வேட்டித் துணியில் ஜரிகைக் கரையை வைத்துத் தைத்தால் குடிலுக்குத் திரை. சிறு பெண் அவசரப்பட்டு நூலை இழுத்தால் துணி சுருங்கும்; நூலை நீளமாய்க் கோத்தால் முடிச்சு விழும். அப்போது தையலைப் பிரித்து மறுபடி போடவேண்டும். பிழையைக் கண்டால் அழாமல், மறைக்காமல், பிரித்துத் திருத்தலாம் என்று ஒரு குழந்தை அறிந்துகொள்வது சிறிய காரியமா? பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் உபதேசியார் இதைவிட நல்ல உவமையைத் தேடவேண்டியதில்லை.

இனி காத்திருத்தல். குடிலில் பச்சைப் புல் வேண்டுமென்று சிரட்டையில் கேழ்வரகு விதைக்கிறோம். அது திருநாளைக்கு முளைத்துப் பச்சையாய் நிற்கவேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே விதைத்தாகவேண்டும். காசைக் கூட்டிக் கொடுத்து அதை அவசரப்படுத்த இயலாது. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் லுத்தரன் குரு ஒரு மர வளையத்தின்மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தி, திருநாள் வரும்வரை நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். கிழமை நாட்களுக்குச் சிறு வர்த்திகள், ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வர்த்திகள். இன்று நம் கோவில்களிலும் நான்கு வர்த்திகளோடு நிற்கும் ஆகமன வளையத்துக்கு அதுவே மூலம். காத்திருப்பதைக் கண்ணால் காணும்படி செய்தார் அவர். டிசம்பர் 24-ந் தேதி மாலையில் வாங்கி மாட்டும் அலங்காரத்தில் காத்திருக்க இடமேது?

ஆயினும் இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைப்பது யோக்கியமல்ல.

முதலாவது: அந்தப் பணத்தையும் நேரத்தையும் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே? பெத்தானியாவில் மரியம்மாள் முந்நூறு பணம் பெறும் தைலத்தைச் சேசுநாதருடைய பாதங்களில் பூசியபோது யூதாஸ் இப்படித்தான் கேட்டான். அது ஏறக்குறைய ஒரு வருஷத்துக் கூலி. நம் ஆண்டவர் அவள் பக்கமாய்ப் பேசினார். ஆனால் அந்தச் சம்பவத்தைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவள் தன் தைலத்தை ஆண்டவர் பாதத்தில் ஊற்றினாள். நாமோ நம் தோரணத்தை நம் சன்னலிலேயே கட்டிக்கொள்கிறோம். ஆகவே நமக்குத் தகுந்த மாதிரி யோப்பா பட்டணத்துத் தபித்தாளே. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் உயிரோடிருக்கையில் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளை அர்ச். இராயப்பருக்குக் காண்பித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடியில் வாசிக்கிறோம். தோரணம் தைத்த அதே ஊசி, திருநாளுக்குப் புதுத்துணி இல்லாத ஒரு பிள்ளைக்குச் சட்டையும் தைத்தால் ஆட்சேபம் அற்றுப்போகும். தைக்காவிட்டால் ஆட்சேபம் நிற்கும், நிற்பதே நியாயம்.

இரண்டாவது: கையால் செய்தது என்ற பெருமை. கடை அலங்காரத்தால் வரும் வீம்பைவிடக் கைவேலையால் வரும் வீம்பு பொல்லாதது. அதற்குப் பக்தி என்ற போர்வையும் கிடைத்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் குடிலைப் பார்த்து, அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், நாங்களே செய்தோம் என்று சொல்கிற நாவு, குடிலில் இருப்பவர் யார் என்பதை மறந்துவிட்டது. அன்றியும், வாங்குவதெல்லாம் குறைவு என்பதும் சரியல்ல. தெருவோரத்தில் மூங்கில் நட்சத்திரம் கட்டி விற்கிறவனுக்கு டிசம்பர் மாசத்து வரும்படியே பிள்ளைகளின் சாப்பாடாய் இருக்கலாம். அவனிடம் பேரம் பேசாமல் ஒன்று வாங்குவது, வீட்டில் இரண்டு கட்டுவதைவிட மேலான கிரியையாகவும் இருக்கக்கூடும். வியாதிக்காரரும் வயோதிகரும் கைக்குழந்தைக்காரியும் வாங்கித் தொங்கவிட்டால் அதில் ஒரு குறைவும் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் சத்தமில்லாமல் சொல்லப்படுவது. வீட்டு அலங்காரம் என்று எல்லாரும் சொல்கிறோம், செய்கிறவள் ஒருத்தி. பலகாரம் அவள் தலையில், துவைப்பது அவள் தலையில், தோரணமும் அவள் தலையில். நடுச்சாமப் பூசையில் அவள் களைத்துக் கண்ணயர்கிறாள். அவள் பிரயாசையில் மற்றவர்கள் திருநாள் கொண்டாடுவதாயிருந்தால், நாம் மேலே சொன்ன பலன் ஒன்றும் அந்த வீட்டில் விளையாது. எத்தனை கைகள் தொட்டனவோ அத்தனை ஆட்களுக்கே அது பலன். ஆண்பிள்ளை ஊசி பிடித்தால் அவன் கௌரவம் குறையாது, தையற்காரரும் ஆண்பிள்ளைகள்தாமே? தகப்பனுக்கும் பையன்களுக்கும் நேரமில்லையென்றால், பத்து அலங்காரத்துக்குப் பதில் ஒன்றைச் செய்யுங்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள்.

ஒன்றை மாத்திரம் கவனிக்க வேண்டும். மனது நல்லதென்று சொல்லி அரைகுறை வேலையை அனுமதிக்கலாகாது. யாத்திராகமத்தில் ஆண்டவர் தமது கூடாரத்துக்கு வேலை செய்யப் பெசெலேயேலைப் பேர்சொல்லி அழைத்து, கைவேலைக்கு வேண்டிய ஞானத்தால் அவனை நிரப்பினார். கைத்திறமையும் தேவ வரமே. பையனால் கூடிய மட்டும் நேராய்க் கட்டட்டும். கூடியமட்டும் கட்டிய பிறகும் சாய்ந்திருந்தால், சாய்ந்தபடியே வாசலில் தொங்கட்டும். அவன் தூங்கியபின் அதைக் கழற்றிவிட்டுக் கடை நட்சத்திரத்தை மாட்டுகிற பெற்றோர், அவனுடைய அன்பைக் காட்டிலும் தெருவாருடைய பார்வை பெரியது என்று அவனுக்குக் கற்பித்துவிடுகிறார்கள்.

குடிலின் ஆரம்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1223-ஆம் வருஷம் இத்தாலி தேசத்துக் கிரேச்சியோ என்னும் மலையூரில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் திருநாள் இரவைக் கொண்டாட விரும்பியபோது பொற்சுரூபம் ஒன்றும் தேடவில்லை. யோவான் என்ற நண்பரிடம் சொல்லி, முன்னணை ஒன்றும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் கொண்டுவரச் செய்தார். அங்கே பூசை நடந்தது. பாலகர் எவ்வளவு எளிமையில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காணவே அவர் ஆசைப்பட்டார். 2019-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே கிரேச்சியோவில் கையொப்பமிட்ட நிருபத்தில், குடும்பங்கள் திருநாளுக்கு முன்னான நாட்களில் குடில் அமைக்கும் வழக்கத்தைக் கைவிடாமல் காக்கும்படி ஊக்குவித்தார். 800 வருஷமாய் நிலைத்த இந்த வழக்கம் வைக்கோலில் தொடங்கியது. வைக்கோல் இன்றும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆகையால் இவ்வருஷம் இப்படிச் செய்யுங்கள். ஒரு மாலை வேளையைக் குறித்து, டெலிவிஷனையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, குடும்பமாய் உட்கார்ந்து இரண்டு நட்சத்திரங்கள் கட்டுங்கள். ஒன்று உங்கள் வாசலுக்கு. மற்றது உங்கள் தெருவில் நட்சத்திரம் தொங்காத வீட்டுக்கு. அது பிள்ளைகள் தூரதேசம் போய்விட்ட ஒரு பாட்டியின் வீடாயிருக்கலாம். இவ்வருஷம் துக்கம் நேர்ந்த வீடாயிருக்கலாம். துக்க வீட்டில் கேளாமல் கட்டிவிடவேண்டாம். வாசலில் நின்று, "உங்களையும் நினைத்துச் செய்தோம்" என்று சொல்லி, அவர்கள் கையில் கொடுங்கள். தொங்கவிடுவதும் பெட்டியில் வைப்பதும் அவர்கள் இஷ்டம். ஒருவர் தங்களுக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டார் என்பது எப்படியும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

திருநாட்கள் கழிந்தபின் நீங்கள் கட்டியதை அவிழ்ப்பீர்கள். காகிதம் கிழிந்திருக்கும், மூங்கில் அடுத்த வருஷத்துக்கு உதவும், தோரணம் மடிப்பாய்ப் பெட்டிக்குள் போகும். அப்போது உங்கள் பையன் முடிச்சை அறுக்காமல் பொறுமையாய் அவிழ்க்கிறானா என்று பாருங்கள். அவிழ்த்தானானால், இந்த ஆகமன காலத்தில் உங்கள் வீட்டில் கட்டியது நட்சத்திரம் மாத்திரமல்ல என்று தெரிந்துகொள்வீர்கள்.

தச்சன் வீட்டில் வளரத் திருவுளமான சேசு பாலன் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.