கான்ட் என்னும் குடும்பப்பெயரும் பிறப்பு பற்றிய கேள்வியும்

ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பது அவர் எத்தகையவர் என்பதை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்ற கேள்வியைச் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளன. குலப்பெருமை, பரம்பரைச் சாபம், ஆதிப்பாவம் ஆகிய கருத்துகள் யாவும் ஒருவர் தாம் செய்யாத ஒன்றின் பயனை ஏன் சுமக்கிறார் என்பதை விளக்க முற்பட்டவையே. இக்கேள்வியின் மிக எளிய, அன்றாட வடிவம் ஐரோப்பியரின் குடும்பப்பெயராகும். அதாவது, தந்தைவழியாகத் தலைமுறைதோறும் மாறாமல் இறங்கிவரும் பின்பெயர். அதைச் சுமப்பவர் அதைக் கேட்டுப் பெறுவதில்லை. அதில் அவருடைய சாதனையோ குற்றமோ எதுவும் இல்லை. ஜெர்மன் மொழிப் பகுதிகளில் அரிதாக வழங்கும் அத்தகைய பெயர்களுள் ஒன்று, மனிதன் தனக்குத் தானே சட்டம் வகுத்துக்கொள்ளும் உயிர் என்று வாதிட்ட இம்மானுவேல் கான்டின் (1724–1804) பெயர். அதன் தோற்றத்தைப் பற்றி அவரே தவறான செய்தியை நம்பியிருந்தார் என்பதால், பிறப்புக்கும் அறத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய அந்தப் பெயர் தனித்தகுதி பெறுகிறது.

ஜெர்மானிய நகரங்களில் குடும்பப்பெயர்கள் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிலைபெறத் தொடங்கின. தொழில், ஊர், தந்தையின் பெயர், உடல் தோற்றம், வீடு நின்ற இடம் ஆகியவற்றிலிருந்தே அவற்றில் பெரும்பாலானவை பிறந்தன. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வழக்கம் மெதுவாகவே பரவியது. கிழக்குப் பிரஷ்யாவில் ஜெர்மானியரோடு லிதுவேனியர், பழம்பிரஷ்யர், கூரர் என்னும் பால்டிக் இனத்தவர் ஆகியோரும் கலந்து வாழ்ந்ததால், ஜெர்மன் ஒலியோடு வழங்கும் பல பெயர்களின் அடியில் வேறு மொழியின் வேர் கிடக்கிறது. ஒரே ஓசையுடைய பெயர் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே பிறப்பதும் உண்டு. கீழ்ஜெர்மன் வழக்கில் விளிம்பு, ஓரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து, ஊரின் ஓரத்தில் குடியிருந்தவர்க்குக் 'கான்ட்' என்ற பெயர் அமைய இடமுண்டு. ஆகவே 1926இல் ஹாம்பர்க் நகரில் பிறந்த நாவலாசிரியர் ஹெர்மன் கான்டின் பெயரையும் தத்துவஞானியின் பெயரையும் ஓசை ஒன்று என்பதற்காக ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுவதற்கில்லை.

தத்துவஞானியின் தந்தைவழியைத் திருச்சபைப் பதிவேடுகள், நிலக்குத்தகை ஆவணங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டில் தெளிவுபடுத்தினர். ஹான்ஸ் மோர்ட்டென்சன், கெர்ட்ரூட் மோர்ட்டென்சன் இணையரின் ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தந்தை யோகான் கியோர்க் கான்ட், கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் குதிரைகளுக்கான தோல்வார் செய்த கைவினைஞர். பாட்டனார் ஹான்ஸ் கான்டும் மேமல் நகரில் அதே தொழில் செய்தவர். முப்பாட்டனார் ரிச்சர்ட் கான்ட், ஹைடெக்ருக் வட்டாரத்தில் சத்திரம் நடத்தியவர். அவருடைய பூர்வீகம் மேமலுக்கு அருகிலுள்ள கான்ட்வாகன் என்னும் சிற்றூர். இன்று லிதுவேனியாவில் கான்ட்வைனியாய் என்று வழங்கும் அவ்வூரின் பெயரிலேயே குடும்பப்பெயர் அடங்கியிருக்கிறது. வாரைத் தைத்த கைகளும் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய கைகளும் பால்டிக் கரையோரத்து உழவர் குடியிலிருந்து வந்தவை.

கான்டோ தம் முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பினார். சுவீடனின் லின்ஷோப்பிங் ஆயர் யாகோப் லின்ட்ப்ளோம் அவருடைய வம்சாவளியை அறிய முயன்றபோது, 1797 அக்டோபரில் எழுதிய பதிலில், தம் பாட்டனார் டில்சிட் நகரில் குடியுரிமை பெற்றிருந்த ஸ்காட்லாந்துக்காரர் என்று குறிப்பிட்டார். நகரமும் தவறு, நாடும் தவறு. ஆனாலும் அந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்து வணிகர்களும் தொழிலாளர்களும் பால்டிக் துறைமுகங்களில் திரளாகக் குடியேறியிருந்த காலம் அது. முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுள் ஒருவரான போரோவ்ஸ்கி தரும் இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. குடும்பத்தார் பெயரின் முதலெழுத்தாகச் 'சி' என்பதை எழுதிவந்தனர் என்றும், சிலர் அதைத் 'த்சான்ட்' என்று பிழையாக ஒலித்ததால் கான்ட் 'கே' எழுத்துக்கு மாறினார் என்றும் அவர் எழுதுகிறார். ஜெர்மன் மொழியில் 'அ' உயிருக்கு முன் வரும் 'சி' பொதுவாகக் ககரமாகவே ஒலிக்கும் என்பதை எண்ணும்போது, இவ்விளக்கம் நிகழ்ச்சிக்குப் பின் தேடிக்கொண்ட காரணமாகவே தோன்றுகிறது. 1740இல் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர் 'கே' எழுத்தில் தொடங்கி, ஈற்றில் ஓரெழுத்து கூடுதலாகப் பெற்றுக் காணப்படுகிறது. பள்ளிப் பருவத்தில் இரு தோழர்களோடு சேர்ந்து இலத்தீன் நூல்கள் எழுதிப் புகழ்பெறத் திட்டமிட்டபோது அவர் தமக்கு வைத்துக்கொள்ள எண்ணிய பெயர் 'கான்டியுஸ்'. 1876இல் குடிமைப் பதிவு ஜெர்மன் பேரரசு முழுவதும் கட்டாயமாகும்வரை, பெயரின் எழுத்து எழுதுபவரின் பேனாவைப் பொறுத்ததாகவே இருந்தது.

அரிய பெயர் என்றால் உயர்ந்த பெயர் என்று கருதும் மனப்பாங்கு எங்கும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்று ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் எழுப்பிய கேள்விக்கு, ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் நிகழ்தகவுக் கணிதம் கொண்டு விடை தேடினார். சிலருக்கு ஆண்மக்கள் இல்லாமற்போவது, சிலருக்குப் பலர் பிறப்பது என்னும் தற்செயலே பெயர்களை அழிக்கவும் பெருக்கவும் போதுமானது என்பது அக்கணக்கின் சாரம். எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று அவர் கொண்ட முடிவைப் பின்வந்தோர் திருத்தினர். ஆனால் அழிவுக்குக் குறைபாடும் பெருக்கத்துக்குத் தகுதியும் காரணமாக வேண்டியதில்லை என்ற கருத்து நிலைத்தது. தத்துவஞானி மணம் புரியவில்லை, மக்கள் இல்லை. அவருடைய தம்பி யோகான் ஹைன்ரிக் கூர்லாந்து நாட்டில் குருவாகப் பணியாற்றி 1800இல் இறந்தார். 1945க்குப் பின் கிழக்குப் பிரஷ்யாவின் ஜெர்மானியர் தம் மண்ணை விட்டு வெளியேற நேர்ந்ததால், அங்கு செறிந்திருந்த குடும்பப்பெயர்கள் யாவும் சிதறிப்போயின. இன்றைய ஜெர்மனியின் பெயர்ப்பரவல் வரைபடத்தைப் பார்த்து ஒரு கிழக்குப் பிரஷ்யப் பெயரின் பிறப்பிடத்தை ஊகிக்க முயல்வது இதனால் வழிதவறவே செய்யும்.

குடும்பப்பெயருக்கு நேர்மாறானது ஞானஸ்நானப் பெயர். கிறிஸ்தவ மரபில் குழந்தையின்மேல் நீர் வார்த்துத் திருமுழுக்கு அளிக்கும்போது உச்சரிக்கப்படுவது அதற்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட முதற்பெயர்தான். குலத்தின் பெயர் அச்சடங்கில் இடம்பெறுவதில்லை. கான்டின் தாய் அன்னா ரெகினா, குடும்ப வேதாகமத்தில் தம் கையால் எழுதிய குறிப்பு கிடைத்துள்ளது. 1724 ஏப்ரல் 22, சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு மகன் எமானுவேல் பிறந்ததையும், மறுநாள் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்ததையும் பதிந்துவிட்டு, இறுதிவரை அவனைத் தேவன் தம் கிருபையின் உடன்படிக்கையில் காத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வேண்டுகிறார். தேவன் நம்மோடிருக்கிறார் என்னும் பொருளுடைய அப்பெயரைக் கான்ட் பிற்காலத்தில் எபிரேய மூலத்துக்கு நெருக்கமாக 'இம்மானுவேல்' என்று திருத்திக்கொண்டார். சடங்குகளிலிருந்து வெகுவாக விலகிவிட்ட ஒருவர், சடங்கில் பெற்ற பெயரின் எழுத்தை இத்தனை அக்கறையோடு சரிபார்த்தது கவனத்துக்குரியது.

முதற்பெயர் அருளின் வழியும் பின்பெயர் குருதியின் வழியும் வருவதாகக் கொண்டால், அவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஆதிப்பாவக் கோட்பாடு. ஆதாமின் வீழ்ச்சியால் உண்டான குற்றம் பிறப்பின் வழியாகவே மனித இனம் முழுவதற்கும் இறங்குகிறது என்பது 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் வலுவாக நிலைநாட்டிய கொள்கை. லூத்தரன் திருச்சபை 1530இல் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் இயற்கை முறையில் பிறக்கும் மனிதர் அனைவரும் பாவத்தோடு பிறப்பதாகவே கூறுகிறது. இக்கொள்கையின்படி, மனித இனம் முழுவதற்கும் பொதுவான குடும்பப்பெயர் ஒன்று இருக்குமானால் அது பாவம். உள்ளத்தின் மனமாற்றத்தை வற்புறுத்திய பயட்டிசம் என்னும் லூத்தரன் பக்தி இயக்கத்தைச் சார்ந்த வீட்டிலும் பள்ளியிலும் வளர்ந்த கான்ட் இதை நன்கு அறிந்தவர்.

1793இல் வெளிவந்த 'வெறும் பகுத்தறிவின் எல்லைகளுக்குள் சமயம்' என்னும் நூலில் அவர் இதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். மனிதனிடம் தீமையை நோக்கிய ஆழ்ந்த சாய்வு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த வகையில் அவர் தம் சமகால நம்பிக்கைவாதிகளைவிட அகுஸ்தீனுக்கே நெருங்கியவர். ஆனால் அந்தத் தீமை முதற்பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்தது என்று கருதுவது, அதை விளக்கும் வழிகளுள் மிகவும் பொருந்தாதது என்று கூறுகிறார். காலத்தில் ஏற்படும் தோற்றம் வேறு, பகுத்தறிவில் ஏற்படும் தோற்றம் வேறு என்ற பாகுபாடு அவருடைய வாதத்தின் அடித்தளம். முன்னது ஒரு நிகழ்ச்சிக்கு முந்தைய நிகழ்ச்சியைக் காரணமாகத் தேடுவது. பின்னது ஒரு செயலை அதைச் செய்தவரின் சுதந்திரமான தேர்வில் கண்டறிவது. ஒவ்வொரு தீச்செயலையும் அதைச் செய்தவர் அக்கணமே குற்றமற்ற நிலையிலிருந்து அதற்குள் விழுந்தார் என்றே நோக்க வேண்டும்; அவருடைய பாட்டனின் வரலாறு அங்கே சாட்சியாக ஏற்கப்படாது. அந்நூலின் ஓர் அடிக்குறிப்பில் பல்கலைக்கழகத்தின் மூன்று உயர்துறைகளையும் அவர் மெல்லக் கிண்டல் செய்கிறார்: மருத்துவத்துறை இவ்வழிவழித் தீமையை நாடாப்புழுவைப் போன்ற பரம்பரை நோயாகவும், சட்டத்துறை சொத்தோடு சேர்த்து ஏற்கவேண்டிய கடனாகவும், இறையியல் துறை பழைய கலகம் ஒன்றில் பெற்றோருக்கிருந்த பங்காகவும் காணும் என்கிறார். அறக்கடனைப் பணக்கடன்போல ஒருவர் இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க இயலாது என்பதும் அதே நூலின் கொள்கை.

இக்கொள்கையின் அரசியல் முகம் 1797இன் தொடக்கத்தில் வெளிவந்த 'ஒழுக்க மெய்யியல்' நூலின் சட்டவியல் பகுதியில் தெரிகிறது. பரம்பரைப் பிரபுத்துவம் என்பது தகுதிக்கு முன்னரே வழங்கப்படும் பதவி என்றும், முன்னோர் ஒருவர் தகுதி பெற்றிருந்தாலும் அதை வாரிசுக்குக் கையளிக்க இயற்கை ஏற்பாடு செய்யவில்லை என்றும், எனவே அது எண்ணத்தில் மட்டும் உள்ளதேயன்றி உண்மையில் இல்லாத ஒன்று என்றும் அவர் எழுதினார். அதே ஆண்டின் அக்டோபரில்தான் ஆயர் லின்ட்ப்ளோமுக்குப் பதில் எழுதினார். வம்சத்தைத் தேடிய முயற்சிக்கு நன்றி கூறிவிட்டு, அதனால் தமக்கோ பிறர்க்கோ பயன் விளையப்போவதில்லை என்றும் குறித்தார். அக்கடிதத்துக்கான வரைவில், கைவினைஞர் வகுப்பைச் சேர்ந்த தம் பெற்றோர் நேர்மையிலும் ஒழுக்கத்திலும் முன்மாதிரியாக வாழ்ந்தவர்கள் என்றும், சொத்தோ கடனோ விட்டுச்செல்லாமல், அற நோக்கில் அதைவிடச் சிறந்ததொன்று இருக்க முடியாத வளர்ப்பைத் தந்தார்கள் என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஸ்காட்லாந்தைப் பற்றிய செய்தி அந்த நன்றிக்கு எந்த வலுவும் சேர்க்கவில்லை. அச்செய்தி பொய்யானபோது எந்த இழப்பும் நேரவில்லை. பெற்றோர் தந்தது குருதியில் இறங்கியதன்று. அன்றாடம் அவர்கள் நடந்துகாட்டியது.

இந்நிலைப்பாட்டுக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது தருக்கவியலைச் சார்ந்தது. அமெரிக்கத் தத்துவஞானி சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில், ஒரு பெயர் அதன் பொருளாலோ, அதைத் தாங்கியவரைப் பற்றிய விவரணைகளாலோ அவரைச் சுட்டுவதில்லை என்றும், முதலில் பெயரிட்ட நிகழ்ச்சியிலிருந்து வாய்வழியாகத் தொடரும் சங்கிலியாலேயே சுட்டுகிறது என்றும் வாதிட்டார். அத்தோடு, ஒருவர் வேறு பெற்றோருக்குப் பிறந்திருக்க முடியாது, அப்படிப் பிறந்தவர் வேறொருவரே என்றும், இரண்டாம் எலிசபெத் அரசியை எடுத்துக்காட்டி அவர் கூறினார். இதன்படி பிறப்பு ஒருவரின் சாரத்தோடு பிரிக்க இயலாதது. ஆனால் இந்த வாதம் நிறுவுவது 'இவர் எவர்' என்பதை மட்டுமே. 'இவர் எத்தகையவர்' என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதனால் கான்டின் கொள்கை இத்தடையைத் தாங்கிவிடுகிறது.

இரண்டாவது தடை கடுமையானது. அதை எழுப்பியவர் கான்டே. 1775 முதல் மனித இனங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் நிறம் முதலிய உடற்பண்புகள் வழிவழியாக இறங்குவதை ஆராய்ந்ததோடு நில்லாமல், திறமையும் அவ்வாறே இறங்குவதாகக் கருதினார். 1802இல் வெளியான அவருடைய புவியியல் விரிவுரைகள் வெள்ளையரிடம் மனிதத்தன்மை முழுமை பெற்றிருப்பதாகவும், மஞ்சள் நிற இந்தியரிடம் அதைவிடக் குறைந்த திறமையே உள்ளதாகவும் கூறுகின்றன. பிரபுவின் மகனுக்குத் தகுதி பிறப்பால் வராது என்று சொன்ன அதே பேனா, ஒரு கண்டத்தின் மக்களுக்குத் தகுதியின்மை பிறப்பால் வரும் என்று எழுதியது. அக்காலத்தவர் பலரும் அப்படித்தான் எண்ணினர் என்ற சமாதானம் இங்கே செல்லாது; தம் கொள்கையைக் கொண்டே தம்மைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவரிடம் இருந்தது. இக்குறை அவருடைய அறக்கொள்கையினுடையதன்று, அதை எல்லார்க்கும் பொதுவாக்கத் தவறிய மனிதருடையது.

பிறப்பை வைத்து ஒருவரை எடைபோடும் வழக்கத்துக்குப் பின்னாளில் கான்டின் பெயரே இலக்கானது. அவர் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் 1946இல் கலினின்கிராட் ஆயிற்று. ஜெர்மானியர் வெளியேறிய அந்த ரஷ்ய நகரில் இன்று பல்கலைக்கழகம் கான்டின் பெயரைத் தாங்கியுள்ளது. 2018இல் அந்நகர விமான நிலையத்துக்குப் பெயர் சூட்ட வாக்கெடுப்பு நடந்தபோது கான்டின் பெயர் முன்னணியில் நின்றது. உடனே அவர் அந்நியர் என்றும் துரோகி என்றும் கூறும் துண்டறிக்கைகள் பரவின, அவருடைய சிலைமீது வண்ணம் வீசப்பட்டது. இறுதியில் விமான நிலையம் பெற்றது ரஷ்யப் பேரரசி எலிசபெத்தின் பெயரை. ஏழாண்டுப் போரில் ரஷ்யப் படை கோனிக்ஸ்பெர்க்கைக் கைப்பற்றியிருந்த 1758இன் டிசம்பரில், தருக்கவியல், மெய்யியல் பேராசிரியர் பதவி வேண்டிக் கான்ட் விண்ணப்பம் எழுதியது அதே பேரரசிக்குத்தான். அப்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.