பகடை மேல் பழி

சென்ற கோடை விடுமுறைக்கு என் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து செஞ்சிக்கு வந்தபோது அவள் பையில் கனமான மூன்று புத்தகங்கள் இருந்தன. நாவல் என்று நினைத்து ஒன்றைப் பிரித்தேன். உள்ளே கோள்களின் வரைபடங்கள், விண்கலங்களின் விலைப்பட்டியல், அரசாங்க வகைகள், பகடையை உருட்டிப் பார்க்கவேண்டிய அட்டவணைகள். “அது கேம் மாஸ்டருக்கான புக், அத்தை. ஆடுறவங்க படிக்கக் கூடாது” என்றாள்.

பிறகு விளக்கினாள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசி ஆடும் விளையாட்டு அது. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்பதில்லை. அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் போய்ச் சேரும் உலகம், அங்குள்ள காற்று, காவலர், எதிரி, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது எல்லாம் அவர் கையில். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அந்த உலகத்தின் விவரங்கள் புத்தகத்தில் இருக்கும்.

அவள் ஏற்றது ஒரு விண்கல ஓட்டியின் பாத்திரம். ஒரு நாள் இரவு ஆட்டத்தில் அந்த ஓட்டியை அடிமை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அவளை என்ன செய்தார்கள் என்று கேம் மாஸ்டர் விவரிக்கத் தொடங்கினான். “இது வேண்டாம்” என்றிருக்கிறாள். அவன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான்: இந்தக் கோளில் அடிமை முறை சட்டப்படி உண்டு, உனக்குப் பகடையில் விழுந்தது மூன்று, நான் என்ன செய்ய முடியும், விளையாட்டுதானே. மற்ற மூவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நெஜமா ஒண்ணும் நடக்கல, அத்தை. ஆனா உடம்பு நடுங்கிடுச்சு. அப்புறம் நான் போகல.”

நிஜத்தில் நடக்காத ஒன்றில் தவறு இருக்க முடியுமா? இருந்தால் அது யாருடையது? பகடையுடையதா, புத்தகத்துடையதா, புத்தகத்தை வைத்திருந்தவனுடையதா?

செஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊருக்குப் பக்கத்தில் மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்பார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் ஆதிக்கோயில் என்று மரபு சொல்கிறது. ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் திரௌபதி வழிபாடு பற்றிய தன் ஆய்வின் முதல் தொகுதியை வெளியிட்டபோது அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சியை வைத்தார். இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. பாஞ்சாலியைப் பகடையில் வைத்துத் தோற்கும் இரவை நாங்கள் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தோம்.

அந்தச் சபையில் திரௌபதி கேட்டது விதியைப் பற்றிய கேள்வி. தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, என்னைத் தோற்ற பிறகு தன்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க என்ன உரிமை? விதி தெரிந்தவர்கள் நிறைந்த சபை அது. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லி ஒதுங்கினார். விதுரரும் விகர்ணனும் எதிர்த்துப் பேசினார்கள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

சகுனியின் பகடை கள்ளப் பகடை என்று நாம் பழியை அங்கே போட்டுவிடுகிறோம். ஆனால் பகடை நேர்மையாக விழுந்திருந்தால்? அப்போது அவளைச் சபைக்கு இழுத்து வந்தது சரியாகிவிடுமா? ஆகாது. பகடை உருளுவதற்கு முன்பே, ஒரு பெண்ணைப் பணயமாக வைக்கலாம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட அந்த நொடியிலேயே தவறு முடிந்துவிட்டது. மேசையில் யாரோ எடுத்து வைத்தவற்றுக்குள்தான் பகடை தேர்ந்தெடுக்கும். எனவே வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, புத்தகங்கள் எதை எடுத்து வைக்கின்றன? இந்த வகை விளையாட்டில் முதலில் அச்சில் வந்தது 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1979இல் அதன் நடத்துநருக்கென வந்த கையேட்டில், நகரத் தெருவில் எதிர்ப்படக்கூடிய பாலியல் தொழில் செய்யும் பெண்களை வகைவகையாகப் பிரித்து, பகடை எண்ணுக்கு இத்தனை என்று ஓர் அட்டவணையே உண்டு. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, இது இந்த உலகத்துக்குத் தேவை என்று நினைத்து எழுதியது அது.

விண்வெளிக் கதைகளுக்கான ‘டிராவலர்’ 1977இல் மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்களாக வந்தது. அதில் ஒரு முழு உலகத்தை எட்டே குறிகளில் எழுதிவிடலாம்: விண்துறைமுகத்தின் தரம், கோளின் அளவு, காற்று, நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, அரசாங்கம், சட்டத்தின் கெடுபிடி, தொழில்நுட்பம். படிக்கப் படிக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு பகடையை உருட்டினால் ஓர் உலகம் பிறக்கிறது! ஆனால் சட்டம் என்ற குறியை விரித்துப் பார்த்தால், அது முதன்மையாக எந்த ஆயுதத்துக்குத் தடை என்பதைச் சொல்கிறது. அங்கே ஒரு பெண் இரவில் தனியாக நடக்க முடியுமா, சொத்து வைத்துக்கொள்ள முடியுமா என்பதற்குக் குறி இல்லை. இதில் வன்மம் இருப்பதாக நான் சொல்லவில்லை. வெற்றிடம் இருக்கிறது. நடத்துபவனின் மனதில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அது அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும். பல நூறு ஒளியாண்டு தள்ளியிருக்கும் கோளிலும் பெண்ணுக்கு நேர்வது நம் தெருவில் நேர்வதாகவே இருப்பது இதனால்தான்.

அப்படியானால் கதையில் கொடுமையே வரக் கூடாதா என்று கேட்கலாம். துகில் உரியும் காட்சியைக் கூத்து விட்டுவிடவில்லையே. உண்மை. ஆனால் அந்தக் காட்சிக்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. நான் செய்யப்போவது இன்னதென்று தெரிந்தே செய்கிறேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வது அது. ‘விளையாட்டுதானே’ என்பதற்கு நேர் எதிர். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: திரௌபதி வேடத்தையும் நெடுங்காலம் ஆண்கள்தான் கட்டினார்கள். கீழே உட்கார்ந்திருந்த பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இன்று பல ஆட்டக் குழுக்களில் எக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ் எழுதிய ஒரு அட்டை மேசை நடுவில் கிடக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி விலக்கப்படும். காரணம் சொல்லத் தேவையில்லை. இப்படி நிறுத்தினால் திகிலே போய்விடும் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எஞ்சின் நின்றுபோகும் திகிலுக்குத்தான் என் அண்ணன் மகள் போய் உட்கார்ந்தாள். மற்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

அவள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருந்தது நம்பிக்கையால். நடத்துபவன் பார்த்துக்கொள்வான் என்று தன் அறியாமையை அவனிடம் ஒப்படைத்தாள். என் அம்மாவும் அப்படித்தான், வீட்டுப் பத்திரங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கணக்கு, பத்திரம், ஜாதகம் என்று வீட்டில் ஒரு புத்தகம் எப்போதும் ஒருவர் கையில் இருக்கும். உனக்கெதுக்கு அதெல்லாம் என்பார்கள். ஒருத்தி தெரிந்துகொள்ளாமல் இருக்கச் சம்மதிக்கும்போது, தெரிந்தவரின் கடமை கூடுகிறது. அவருடைய உரிமை கூடுவதில்லை. அந்தக் கடமையைக் கைவிட்டுவிட்டு விதியைக் காட்டுகிறவர் பீஷ்மரின் வரிசையில் உட்காருகிறார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு அவள் எங்கள் மொட்டைமாடியில் ஆட்டம் நடத்தினாள். எதிரே ராஜகிரி இருட்டிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் மூன்று பேர், நான் நான்காவது. தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் கதையில் என்ன வரவே கூடாது என்று கேட்டாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் சொன்னாள்: “இருட்டுல பின்னாடி யாரோ நடந்து வர்ற சத்தம் வேணாம், அக்கா.”

அவள் கேம் மாஸ்டர் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, அச்சிட்ட வரிகளுக்கு மேலே அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் பகடையை எடுத்தாள்.