பந்தியில் தொடங்கிய யோகம்

யோகம் கற்க வருகிற பலரும் ஆசனத்திலிருந்து தொடங்குகிறார்கள். பதஞ்சலி தொடங்குவதோ இயமத்தில்: கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரமசரியம், பொருள் சேர்க்காமை. அடுத்தது நியமம். ஆசனம் மூன்றாவதுதான். திருமூலர் இயமத்தைப் பத்தாக விரிக்கிறார். அதில் பகுத்துண்பதும் ஒன்று. சோற்றைப் பங்கிடுவது யோகத்தின் முதற்படியா என்று புருவம் உயர்த்துபவர்கள் திருவனந்தபுரத்து ஆரியசாலைப் பக்கம் வரலாம்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் தைக்காடு. அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்த தமிழர் தைக்காடு அய்யா (1814–1909). காவி கட்டாத குடும்பஸ்தர். கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவிகளான சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் இவரிடம் யோகம் பயின்றார்கள். தீண்டாமை கோலோச்சிய அன்றைய திருவிதாங்கூரில், தைப்பூச நாளில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறிட்டார். ஊர் ஏசியது.

இந்தப் பந்தியும் இயமமே. கொல்லாமையில் ஊன்றியவர் முன்னிலையில் பகை நழுவிவிடும் என்பது பதஞ்சலியின் யோக சூத்திரத்தின் வாக்கு. (திருடாதவரிடம் மணிகள் தாமே வந்து சேரும் என்றும் அது சொல்கிறது, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் கவனிக்க.) இவற்றைச் சித்து வேலையாக நான் படிப்பதில்லை. பக்கத்து இலைக்காரர் அந்நியர் என்ற நினைப்பு கரையும்போது மனம் கொள்ளும் அமைதியே பெரிய பேறு. அது இல்லாமல் மூச்சை எவ்வளவு அடக்கினாலும் உள்ளே சச்சரவு ஓயாது.

1888இல் அருவிப்புறத்தில், பிரதிஷ்டை பிராமணருக்கே உரியது என்ற சாதித் தடைக்கு அஞ்சாமல், நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். அய்யாவிடம் பயின்றவர்தானே!