‘பாத்துக்கிடுகேன்’ என்பதற்கு இங்கிலீஷ்

வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நாகர்கோவிலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதப்போவது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுப் பகுதியில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார்; அவருக்கு நர்ஸ் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் பயிற்சியில் நானே உறவினராக உட்கார்ந்து, “ராத்திரி அம்மையை யார் கவனிப்பார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “டோன்ட் வொரி, ஐ வில் லுக் ஆஃப்டர்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். மிச்சத்துக்காக நான் காத்திருந்தேன். அவளுக்கோ வாக்கியம் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று அவள் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. “கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிடுகேன்” என்று நம் ஊரில் சொன்னால் போதும். யாரை, எதை என்று கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. ‘ஆஃப்டர்’ தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்டு நிற்கும் சொல். “ஐ வில் லுக் ஆஃப்டர் ஹெர்” என்று அந்த ‘ஹெர்’ வந்து உட்கார்ந்தால்தான் வாக்கியம் நிறைவாகும். மூன்றெழுத்துச் சொல்தான். ஆனால் அது விட்டுப்போனால் கேட்பவர் மாடிப்படியில் ஒரு படி இல்லாததுபோல் தடுமாறுவார்.

இந்த வினையைப் பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும்போது இன்னொரு இடத்தில் சறுக்குவதுண்டு. ‘லுக்’ என்றால் பார், ‘ஆஃப்டர்’ என்றால் பிறகு. ஆகவே ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு இல்லாமல் இல்லை. ஒரு புத்தகத்தின் பெயரே அதற்குச் சான்று. நம் மாவட்டத்து நெய்யூரில் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியில் பின்னாளில் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாமர்வெல். 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். அவர் 1936-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘ஆஃப்டர் எவரெஸ்ட்’. எவரெஸ்டுக்குப் பிறகு என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் ‘ஆஃப்டர்’ இடத்தையும் குறிக்கும்: பின்னால், பின்தொடர்ந்து. புறப்பட்டுப் போகிற பஸ்ஸை ஒரு தாய் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்து நிற்பதும் ஆங்கிலத்தில் ‘லுக் ஆஃப்டர்’தான். அப்படி ஒருவர்மேல் இருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதோடு சேர்த்து நினைத்தால் கவனித்துக்கொள்வது என்ற பொருள் எளிதாகப் பிடிபடும்.

நாமும் அதே ‘பார்’ என்ற வினையில்தான் இதைக் கட்டியிருக்கிறோம். பார்த்து, கொள். அந்தத் துணைவினை ‘கொள்’ செய்கிற வேலையை நான் வகுப்பில் நிதானமாகச் சொல்வேன். ‘அம்மையைப் பார்த்தேன்’ என்றால் போய்க் கண்டேன், அவ்வளவுதான். ‘பார்த்துக்கொண்டேன்’ என்றால் அந்தப் பொறுப்பை என்னுடையதாக ஏற்றுக்கொண்டேன். ஆங்கிலம் ‘ஆஃப்டர்’ கொண்டு செய்வதை நாம் ‘கொள்’ கொண்டு செய்கிறோம். இரண்டு துண்டும் சேர்ந்துதான் ஒரு சொல் என்று தமிழில் எப்போதோ தெரிந்துகொண்டவர்களுக்கு ‘லுக் ஆஃப்டர்’ புதிது இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் கூடவே வராது. பிரிகிற இடம்தான் முக்கியம். நாஞ்சில் நாட்டுப் பேச்சில் ‘பாத்துக்கோ’ எத்தனை வேலை செய்கிறது! ‘பிள்ளையைப் பாத்துக்கோ’ ஒன்று. ‘பாட்டி கீழ விழுந்திராம பாத்துக்கோ’ இன்னொன்று. ‘நேத்து நல்ல மழை, பாத்துக்கோ’ என்பதில் அது வெறும் பேச்சுத்துணை. இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் ‘லுக் ஆஃப்டர்’. இரண்டாவதை “லுக் ஆஃப்டர் ஷீ டஸ் நாட் ஃபால்” என்று எழுதுகிறார்கள், அது தவறு. ஆளையோ பொருளையோ மட்டுமே ‘லுக் ஆஃப்டர்’ செய்ய முடியும். ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு ‘மேக் ஷ்யூர்’ வேண்டும்: “மேக் ஷ்யூர் ஷீ டஸின்ட் ஃபால்.” மருத்துவமனையில் தினம் பத்துத் தடவை தேவைப்படும் வாக்கியம் இது. அதனால் இதில் மட்டும் நான் பிடிவாதமாகத் திருத்துவேன்.

சொற்களின் வரிசையும் கவனிக்க வேண்டியது. ‘பிக் அப்’ மாதிரியான வினைகளில் நடுவே ஆளை நுழைக்கலாம். “பிக் ஹெர் அப்” சரி. “லுக் ஹெர் ஆஃப்டர்” கிடையவே கிடையாது. ‘நன்றாக’ என்பதைக் கடைசியில் வைப்பது பத்திரம்: “தே லுக்டு ஆஃப்டர் மை மதர் வெல்.” செயப்பாட்டுவினையில் தாய் முன்னுக்கு வந்துவிட்டாலும் ‘ஆஃப்டர்’ தன் இடத்தைவிட்டு நகராது: “மை மதர் வாஸ் வெல் லுக்டு ஆஃப்டர்.” முடிவில் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிவதால் பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால், அம்மையை யாரோ உற்றுப் பார்த்தார்கள் என்பதுபோல் ஆகிவிடும்.

காலத்திலும் ஒரு நுட்பம். வார்டில் உங்கள் வேலை என்ன என்று கேட்டால், “ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் போஸ்ட் ஆபரேடிவ் பேஷன்ட்ஸ்” என்றுதான் நம் பிள்ளைகளுக்கு வாயில் வருகிறது. வழக்கமான வேலைக்கு “ஐ லுக் ஆஃப்டர்” போதும். இன்றைக்கு மட்டும், இந்த ஷிப்ட்டில் மட்டும் என்றால் ‘லுக்கிங்’ சரி.

பிரிட்டன் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லி அனுப்புவேன். அங்கே நோயாளிக் குறிப்பில் ‘லுக்டு ஆஃப்டர் சைல்டு’ என்று இருந்தால் நன்றாக வளர்க்கப்படும் பிள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1989-ஆம் ஆண்டுச் சில்ட்ரன் ஆக்ட் சட்டத்தின் சொல் அது. உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருக்கும் குழந்தை என்று அர்த்தம். சம்மதக் கையெழுத்து யாரிடம் வாங்குவது என்ற கேள்வியே அங்கே மாறிவிடும்.

‘ஆஃப்டர்’ வரும் இன்னொரு வினையும் நமக்கு நெருக்கமானதுதான். வகுப்பு முடிந்து கிளம்பும்போது, “வீட்டுல அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க சார்” என்பார்கள். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். ‘ஆஸ்க் ஆஃப்டர்’ என்று போர்டில் எழுதிக் காட்டினேன்: “டெல் ஹெர் ஐ ஆஸ்க்டு ஆஃப்டர் ஹெர்.” அவள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் கடைசி ‘ஹெர்’ தவறாமல் வந்தது.