அண்டை அயலும் வாடகை வீடும்

 

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேட வேண்டும் என்று அரபு மக்களிடையே ஒரு வழக்கு உண்டு. மதரஸாவில் ஓதிய காலத்தில் ஹஜ்ரத் அவர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடியிருக்கப் போகிறவனுக்கு இது பொருந்தும். தான் குடியிராமல், வேறு மாநிலத்தில் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குகிறவனுக்கும் பொருந்துமா? இதுவே நமது கேள்வி.

நம்மவர் பலர் கடையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு சிரம்பானிலோ, ஈப்போவிலோ, சுங்கைப் பட்டாணியிலோ ஒரு வீட்டை வாங்கிப் போடுகின்றனர். 1974ல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்துக்கொண்டு கிள்ளானில் வீடு வாங்குகிறவரும் கணக்குப்படி வெளிமாநிலத்தில் வாங்குகிறவரே. ஹலாலான சம்பாத்தியத்தை ஹலாலான வழியில் பெருக்குவதில் குற்றமில்லை. ஆனால் அரிசி மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பாராமல் வாங்காத நாம், ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்து முடித்துவிடுகிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வியாபாரி காரணம் கூறினார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நாயகம் அவர்கள், ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள். ஒரு தாமானும் தானியக் குவியல் போன்றதுதான். மேலே சுண்ணாம்பும் வர்ணமும் இருக்கும். ஈரம் உள்ளே இருக்கும்.

2021 டிசம்பரில் பெய்த பெருமழையை மறந்தவர் யார்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் மூழ்கின. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தனர். வெயில் நாளில் அத்தெருக்களைப் பார்த்தவனுக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிராது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் நகரமே வெள்ளத்தில் கிடந்தது. ஆற்றோரத்து மண் தன் பழக்கத்தை எளிதில் விடாது.

நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஈப்போப் பக்கம் ஒரு தரை வீட்டைத் தரகர் காட்டினார். புது வர்ணம், அமைதியான தெரு, மலிவான விலை. முன்பணம் கொடுக்கும் எண்ணத்தோடு திரும்பினோம். ஆயினும் மனம் ஒப்பாமல், ஒரு வேலை நாளில், மழை விட்ட பிறகு மஃரிப் தொழுதுவிட்டு, தரகருக்குச் சொல்லாமல் தனியே போனோம். கால்வாய் அடைத்து நின்றது. வர்ணம் பூசாத பக்கத்து வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்திற்குச் சேற்றுக்கோடு தெரிந்தது.

அவ்வீட்டுச் சீன மூதாட்டி வாசலுக்கு வந்து, "நீங்கள் இங்கே குடியிருக்க வருகிறீர்களா, அல்லது ஆட்களைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?" என்று மலாயில் கேட்டார். முந்திய சொந்தக்காரர் வெளியூர்க்காரராம். மூன்று அறைகளில் இருபது தொழிலாளர்களை அடைத்து வைத்தாராம். கழிவுநீர் வழிந்து அம்மூதாட்டியின் சமையலறைப் பக்கம் வந்தபோது, எத்தனை முறை அழைத்தும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லையாம்.

நாம் வெட்கினோம். அத்தெருவை எடை போட நாம் போனோம். அத்தெருவோ நம்மை எடை போட்டுக்கொண்டிருந்தது!

குடியிருப்பவன்தானே அண்டை வீட்டான், உடைமையாளன் எப்படி அண்டை வீட்டானாவான் என்று சிலர் கேட்கலாம். கூரை யார் கையில்? கால்வாய் யார் கையில்? எத்தனை பேருக்கு விடுவதென்ற முடிவு யார் கையில்? அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையும் வந்துவிடுமோ என்று நாயகம் அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அந்த உரிமையை வலியுறுத்தினார்கள். வீட்டுப் பத்திரத்தோடு அந்தக் கடமையும் நம் பெயருக்கு மாறுகிறது. இருநூறு கிலோமீட்டர் தூரம் அதைக் குறைத்துவிடாது.

இன்னொன்று. சிலர் ஒரு வட்டாரத்தை அங்குள்ள முகங்களைக் கொண்டு அளக்கின்றனர். எந்த இனத்தார் அதிகமென்று கேட்கின்றனர். இந்தியருக்கு வீடு இல்லை என்ற சொல்லை நம் பிள்ளைகள் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் கேட்டிருக்கிறார்கள். நம்மைச் சுட்ட அளவுகோலை நாமே கையில் எடுப்பது நியாயமா? தண்ணீரைப் பாருங்கள், கால்வாயைப் பாருங்கள், பள்ளிக்கூடமும் பேருந்தும் எவ்வளவு தூரமென்று பாருங்கள். 'வாடகைக்கு' என்ற அட்டை எத்தனை வாசல்களில் வெளுத்துத் தொங்குகிறது என்று எண்ணுங்கள். அடுக்குமாடியானால் மின்தூக்கியையும் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் கிடக்கும் கட்டடம் விரைவில் சீரழியும். மூலைச் சில்லறைக் கடையில் ஒரு பொருள் வாங்கிப் பேச்சுக் கொடுங்கள். கடைக்காரனுக்குத் தெரியாத தெருச் செய்தி உண்டா?

நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. குத்தகை நிலமா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதை அந்தந்த மாநில நில அலுவலகத்தில் விசாரித்தறிய வேண்டும். மலாய்க்காரர் யார் என்பதற்கான சட்ட விளக்கமே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முஸ்லிம் என்பதனாலேயே நமக்கு உரிமை உண்டென்று எண்ணி ஏமாறலாகாது.

அந்த வீட்டை நாம் வாங்கவில்லை. வெள்ளம் மட்டும் காரணமன்று. வெள்ளம் வரும் வீட்டையும், அதை மறைக்காமல் சொல்லி, வாடகையைக் குறைத்து விடலாம். நனைந்த தானியத்தை மேலே வைத்து விற்பது போன்றது அது. ஆனால் கடையை விட்டு மாதம் ஒருமுறையேனும் போய்வர நம்மால் இயலாது. அம்மூதாட்டி அழைக்கும்போது போய் நிற்க முடியாத இடத்தில் நாம் எப்படி அண்டை வீட்டாராவது?

வாங்குமுன் தெருவைப் பற்றி விசாரியுங்கள். அத்தெரு நம்மைப் பற்றி விசாரித்தால் என்ன விடை கிடைக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் சொத்தில் பரக்கத்தையும், நம்மால் அண்டை அயலாருக்கு நிம்மதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.